கேசட்டில் அனுப்பிய எஞ்சின் சத்தம்

அந்தப் பிக்கப் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது. தரங்கம்பாடியில் கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. என் கணவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மீன் லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவர். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு கிடையாது.

மேற்கே ஒரு மிராசுதார் அப்போது பண்ணையைக் கலைத்துக்கொண்டிருந்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் பாதி போய்விட்டது. பினாமி பேரில் எழுதி வைத்தவையும் கையை விட்டுப் போக, பட்டணத்துப் பிள்ளைகளிடமே போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். மாடுகள், டிராக்டர் எல்லாம் விற்றபின் கொட்டகையில் கடைசியாக நின்றது இந்த வண்டி. ஜீப் மாதிரி முகம், பின்னால் நெல்மூட்டை ஏற்ற மரத்தொட்டி, பெட்ரோல் எஞ்சின். முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். என் கணவர் அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. என் மாமியார் சூடம் ஏற்றினார்.

மறுநாளே நாங்கள் பெயிண்டைச் சுரண்ட உட்கார்ந்தோம். கதவில் பச்சைக்கு அடியில் ஒரு கட்சியின் சின்னம் இருந்தது. அதையும் சுரண்டினால் உள்ளே இன்னொரு கட்சியின் சின்னம். தேர்தலுக்குத் தேர்தல் ஆட்சி எந்தப் பக்கமோ மிராசுதாரும் அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். என் கணவர் சிரித்தார். “நமக்கு எந்தச் சின்னமும் வேணாம்” என்று சொல்லி, படகுக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீலத்தைப் பூசினார்.

தொட்டியை மீனுக்கு ஏற்றபடி மாற்றியதுதான் பெரிய வேலை. பலகைக்கு உள்பக்கம் தகரம் அடித்தார். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த சந்தில் ரைஸ்மில்லிலிருந்து கொண்டுவந்த உமியைத் திணித்தோம். உமி இருந்தால் வெயில் உள்ளே இறங்காது, ஐஸ் நிற்கும் என்றார். ஒரு கழியால் அதைக் குத்திக் குத்தி இறுக்கியது நான். மீன் தண்ணீர் வண்டியின் அடிச்சட்டமான சேஸ்மேல் வழிந்தால் இரும்பு துருவேறிப் பொரிந்துவிடும் என்று, மூலையில் ஓட்டை போட்டு ஒரு குழாயை வெளியே நீட்டினார். அடிப்பக்கம் முழுக்கப் பழைய ஆயிலைத் துணியில் தோய்த்துப் பூசினார். வண்டிக்குக் கீழே அவர் படுத்திருக்க, வெளியே நீட்டியிருந்த அவர் பாதங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பேன். கையை மட்டும் வெளியே நீட்டுவார். பார்க்காமலே என் விரலைத் தொட்டு ஸ்பேனரை வாங்கிக்கொள்வார்.

முதல் நாள் காரலும் மத்தியும் ஏற்றிக்கொண்டு, அந்த மிராசுதாரின் பண்ணையில் வேலை செய்தவர்களின் தெருவுக்குப் போனோம். அதற்கு முன் தலைச்சுமையாகக் கூடை கொண்டுபோய் விற்ற இடம்தான் அது. என்னைப் பார்த்தால் பெண்கள் சட்டியோடு ஓடிவருவார்கள். அன்று ஒருத்தரும் வரவில்லை. வாசலில் நின்றவர்களும் உள்ளே போனார்கள். எப்போதும் முதல் ஆளாக வாங்குகிற ஒரு அக்காவைத் தேடிப் போய்க் கேட்டேன்.

“வேணாம் தங்கச்சி. ஒம்மேல ஒண்ணுமில்ல. அந்தச் சத்தம் கேட்டா எங்க வீட்டுக்காரரு சோத்துத்தட்ட வச்சுட்டு எந்திரிச்சிடுறாரு.”

“வண்டி இப்ப எங்களுதுக்கா. பெயிண்டெல்லாம்கூட மாத்திட்டோம்.”

“பெயிண்டு கண்ணுக்குத்தானே.”

கூலித் தகராறு நடந்த வருஷம் வெளியூரிலிருந்து அறுப்புக்கு ஆள் ஏற்றி வந்தது இந்த வண்டி. வரப்பில் மறித்து நின்றவர்களைப் பிடித்துத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனதும் இதே வண்டிதான். அக்காவின் கணவர் அவர்களில் ஒருவர். அவர் திரும்பி வந்தபோது இடது முழங்கால் மடங்கவில்லை. எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. மிராசுதார் வீட்டிலும் யாரும் சொல்லவில்லை.

மீனை மாயவரம் சந்தையில் தள்ளிவிட்டு வந்தோம். சங்கரன்பந்தல் தாண்டியதும் என் கணவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“எஞ்சின மாத்திடலாம்” என்றார்.

“முடியுமா?”

“டீசல் எஞ்சின உக்கார வச்சுட்டா சத்தமே வேறயா இருக்கும்.”

கும்பகோணத்தில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டீசல் எஞ்சின் வந்தது. அது இந்த வண்டிக்காகச் செய்ததல்ல, எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. தாங்குகிற இரும்புகளைப் பொறையார் வெல்டிங் பட்டறையில் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. உயரம் இடித்ததால் தகடு தட்டுகிற டிங்கரைக் கூப்பிட்டு பானட்டை நடுவில் புடைக்க வைத்தோம். ரேடியேட்டர் முன்னால் நகர்ந்தது, சைலன்சர் புதிதாக வந்தது. நட்டுகளையும் போல்ட்டுகளையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிக் காய வைப்பது என் வேலை. வீட்டில் சோறு பொங்குகிற பாத்திரத்தைத் தவிர எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் வாடை. என் சேலையிலும்தான். இப்போதும் எங்காவது அந்த வாடை வந்தால் நின்றுவிடுகிறேன்.

டீசல் எஞ்சினோடு மறுபடி அந்தத் தெருவுக்குப் போனபோது தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டார் என் கணவர். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கணவர் காலை இழுத்துக்கொண்டு வந்தார். அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பானட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். குனிந்து பார்த்தார்.

“பழச என்ன பண்ணுனீங்க?”

“இரும்பு வெலைக்குப் போட்டுட்டேண்ணே.”

“ம்.” பானட்டை அவரே மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, “மத்தி இருக்கா?” என்றார்.

அதன்பிறகு சில வருஷங்கள் நன்றாகவே போயின. ஒரு மகன் பிறந்தான். அப்புறம் பெரிய வியாபாரிகளின் லாரிகள் கரைக்கே வந்து மொத்தமாக அள்ளிப் போகத் தொடங்கின. எங்களுக்கு மிஞ்சியது பொடி மீன்தான். ஊரில் பலரும் மஸ்கட், துபாய் என்று கிளம்பியபோது இவருக்கும் டிரைவர் வேலைக்கு விசா வந்தது.

“வண்டிய வித்துடவா?” என்று என்னைக் கேட்டார்.

“நான் ஓட்டுறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது.

உப்பங்கழி ஓரத் திடலில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கால் எட்டவில்லை. பெடல்கள்மேல் பூவரசங்கட்டையை அளவாகச் செதுக்கி போல்ட் போட்டு இறுக்கினார். சீட்டைக் கழற்றி முன்னால் நகர்த்தி, முதுகுப்பக்கம் ஒரு பலகை கொடுத்து உயர்த்தினார். என்னை உட்கார வைப்பார், இறங்கச் சொல்வார், இன்னும் ஒரு விரற்கடை நகர்த்திவிட்டு மறுபடி உட்காரச் சொல்வார். லைசென்ஸ் கொடுத்த அதிகாரி இரண்டு முறை எட்டுப் போடச் சொன்னார். இரண்டு முறையும் போட்டேன்.

என் கணவர் வளைகுடாவுக்குப் போன பிறகு கடிதத்தைவிட கேசட்தான் அதிகம் வந்தது. அவர் குரல் வந்தால் மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு எல்லாரும் டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பதிலுக்கு நாங்கள் பேசி அனுப்பும்போதும் அப்படித்தான். என் முறை வரும்போது, “நல்லா இருக்கேன், வண்டி ஓடுது” என்பதற்குமேல் எனக்கு வராது. அவ்வளவு பேரை வைத்துக்கொண்டு நான் வேறென்ன சொல்ல?

ஒரு குறுவை அறுப்பு நேரத்தில் எஞ்சின் டக்டக்கென்று தட்டத் தொடங்கியது. மாயவரத்து மெக்கானிக் முழுசாகப் பிரிக்க வேண்டும் என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஒரு காலை, பேட்டரி போட்ட டேப்ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு தனியாக வண்டியில் கிளம்பினேன். வாய்க்கால் கரையில் ஆளில்லாத இடமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து, மைக்கைக் கிட்டே பிடித்தேன். சும்மா ஓடவிட்டுக் கொஞ்சம், முறுக்கிக் கொஞ்சம். கேசட்டின் அந்தப் பக்கம் தீரும்வரை. தனியாகத்தான் இருந்தேன், பேசியிருக்கலாம். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். எஞ்சின் சத்தம் மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

பதில் கேசட் வந்தது. “இது டேப்பட் சத்தம், மேல வால்வுகிட்டேர்ந்து வருது. எஞ்சின பிரிக்க வேணாம். மேல்மூடிய மட்டும் கழட்டி டைட் வைக்கச் சொல்லு” என்று எல்லார் எதிரிலும் சொன்னார். அவர் சொன்னபடி செய்ததும் சத்தம் நின்றது. கேசட்டின் கடைசியில், மற்றவர்கள் எழுந்துபோன பிறகு, இன்னும் கொஞ்சம் இருந்தது.

“நீ ஒண்ணுமே பேசலையே. ரூம்ல நம்ம பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரு இருக்காங்க, ஒருத்தரு திருக்காட்டுப்பள்ளி. போட்டுக் காட்டுனேன். பின்னாடி தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுன்னு திரும்பத் திரும்ப அந்த எடத்தையே போடச் சொல்றாங்க. எனக்கு நீ எஞ்சின முறுக்கிட்டு விடுற எடம். அவசரமா விடுற. அப்புடி விடாத.”

அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பட்டனை அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெறும் நாடா ஓடிக்கொண்டிருந்தது.

லீவில் அவர் வந்தபோது மகன் எனக்குப் பின்னால் போய் ஒளிந்து நின்று அவரைப் பார்த்தான். தலையில் நரை கண்டிருந்தது, உடம்பு கொஞ்சம் போட்டிருந்தார். வந்த மறுநாள் காலையில் குளித்துவிட்டு நேராக வண்டிக்குப் போனார். ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கட்டை வைத்த பெடலில் கால் மடங்கி நின்றது. இறங்கிச் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்து சீட் போல்ட்டைக் கழற்றக் குனிந்தார்.

“வேணாங்க” என்றேன்.

“ஏன்?”

“நீங்க போனதும் திரும்ப முன்னாடி தள்ளணும். யாரு தள்ளுவா?”

சண்டைக்காகச் சொல்லவில்லை. அவர் ஸ்பேனரைப் பெட்டியில் போட்டுவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். அந்த லீவு முழுக்க நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்தார். கியர் மாற்றும்போது என் கை அவர் முழங்காலில் படும். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்.

அவர் நிலையாக ஊருக்குத் திரும்பச் சில மாதங்கள் இருந்தபோது, ஆக்கூர் பக்கம் வளைவில் வண்டியின் சேஸ் விட்டுப்போனது. எவ்வளவோ ஆயில் பூசியும் உப்பு ஜெயித்துவிட்டது. நடுவில் முதுகு உட்கார்ந்தது போல வண்டி தரையைத் தொட்டு நின்றது. பொறையார் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, ஒட்டுவதற்கு இனி நல்ல இரும்பே இல்லை என்றார். போனில் என் கணவரிடம் சொன்னேன். “சரி, ஒனக்கு அடி ஒண்ணும் படலயே?” என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்த பிறகு ஒருநாள், வண்டியை எடைக்குப் போட்ட பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மகன் இப்போது சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறான். அதில் ஏதாவது கோளாறு என்றால் கம்பெனி சர்வீசுக்கு விட்டுவிடுகிறான்.

சில சாயங்காலங்களில் நாங்கள் கோட்டை மதில் பக்கம் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். திடீரென்று கேட்பார். “அந்தப் பெரிய வெள்ளத்தப்போ வண்டிய எங்க ஏத்தி வச்ச?” சொல்வேன். “தனியாவா?” “தனியாத்தான்.” “ரேடியேட்டர்ல தண்ணி போயிடலயா?” அதையும் சொல்வேன். அவர் இல்லாத வருஷங்களில் நடந்ததை இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் நிறைய இருக்கிறது.