எடுக்கவா என்று கேட்ட கணினி

1996இல் கண்டியில் ஒரு கணினியை மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓட்டுவதற்கு அதிர்ஷ்டம் வேண்டும். மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மின்வெட்டு. வெட்டுக்கு நேர அட்டவணை உண்டு. மின்சாரம் அதைப் படித்ததில்லை.

கமலாசனிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஊர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில். கண்டியில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. போரால் ஊருக்குப் போகும் பாதை மூடிக் கிடந்ததால், விடுமுறை நாட்களில் தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பதிந்த டிஸ்கெட்டுகளின் பெட்டியோடு குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கினால் சோதனைக்கு நிற்கும் சிப்பாய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பான். உள்ளே பாட்டா என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். "தமிழ் எழுத்து" என்று இவர் உண்மையைச் சொன்னார். அன்று அலுவலகத்துக்குப் பிந்தித்தான் போக முடிந்தது.

அந்த மென்பொருளில் அவர் புதிதாகச் சேர்த்தது தானாகச் சேமிக்கும் வசதி. தட்டச்சு செய்பவர் மறந்தாலும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினியே தனியாக ஒரு பிரதி எழுதி வைக்கும். வேலை முடித்து ஒழுங்காக மூடினால் அந்தப் பிரதி அழிந்துவிடும். திடீரென்று மின்சாரம் போனால் அப்படியே கிடக்கும். மறுபடி திறக்கும்போது கணினி அதைக் கண்டு திரையில் கேட்கும்: "சேமிக்காத பிரதி ஒன்று உள்ளது. எடுக்கவா?" கீழே இரண்டு பொத்தான்கள்: ஆம், வேண்டாம்.

முதலில் அதை வாங்கியவர் கண்டிச் சந்தைக்குப் பின்னால் அச்சகம் வைத்திருந்த தியாகராஜா. அங்கே தட்டச்சு செய்தவள் பரிமளம். கம்பளையிலிருந்து வந்து போகிறவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கான இரசாயனவியல் குறிப்புகளை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் இரண்டு முறை அட்டவணையில் இல்லாத நேரத்தில் மின்சாரம் போனது. இரண்டு முறையும் அடித்த பக்கங்கள் காணாமல் போயின.

"மெஷினே சேவ் பண்ணும்னு கமலாசனி மிஸ் சொல்றாங்க. அப்புறம் நீ என்னதான் பண்ணுற?" என்றார் தியாகராஜா.

"கேட்டதுக்குச் சரியாத்தான் அமுக்கினேன் முதலாளி."

"சரியா அமுக்கினா எப்படிக் காணாமப் போகும்? இன்னொரு தடவை போச்சுன்னா நீ கம்பளையிலேயே இருந்துக்க."

சனிக்கிழமை கமலாசனி வந்தார். ஒரு பக்கம் அடித்து, சுவிட்சைத் தானே அணைத்து, மறுபடி போட்டு, 'ஆம்' அமுக்கினார். எழுத்தெல்லாம் திரும்பி வந்தது. பிழை எங்கே என்று பிடிபடவில்லை. பக்கத்துக் கதிரையில் தியாகராஜா அச்சில் வந்த குறிப்புத் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"பரிமளம், நாலாவது வரி ரெண்டு தடவை வந்திருக்கு. எடுத்துடு."

பரிமளம் அந்த வரியை அழித்தாள்.

கமலாசனி நிமிர்ந்தார். "ஏன் பிள்ளை அழிச்சனீர்?"

"முதலாளி எடுக்கச் சொன்னாங்களே மிஸ்."

"அப்ப கணினி 'எடுக்கவா' எண்டு கேட்டா?"

"அழிக்கவான்னுதானே கேக்குது? கஷ்டப்பட்டு அடிச்சத யாராவது அழிக்கச் சொல்வாங்களா? அதான் வேண்டாம்னு அமுக்கினேன்."

'வேண்டாம்' என்றால் பிரதியை அழித்துவிடும்படி கணினிக்குச் சொல்லிவைத்திருந்தவர் கமலாசனி. அவருக்குச் சிரிப்பு வந்தது, பரிமளத்தின் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"அண்ணை, பிள்ளையிலை பிழை இல்லை. பிழை என்ரை கேள்வியிலை."

"யாழ்ப்பாணத்துல எடுக்கிறதுன்னா என்னங்க மிஸ்?"

"எடுக்கிறது எண்டால் எடுக்கிறதுதான், அண்ணை!"

'கொண்டுவரவா' என்று மாற்றலாமா என்று முதலில் யோசித்தார். அதையும் வேறு யாராவது வேறு விதமாக வாசித்தால்? கடைசியில் கேள்வியையே தூக்கிவிட்டார். இனி மின்சாரம் போய் வந்தால், கிடக்கும் பிரதி தானாகவே பழைய கோப்புக்குப் பக்கத்தில் திறக்கும். தட்டச்சு செய்பவர் தன் கையால் சேமிக்கும்வரை இரண்டில் ஒன்றும் அழியாது.

மாற்றிய மென்பொருளோடு அடுத்த சனிக்கிழமை வந்து ஏற்றினார். மத்தியானம், பரிமளம் ஒரு சமன்பாட்டின் நடுவில் இருந்தபோது, திரை இருண்டது. வெளியே ஒரு கடையில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். மின்சாரம் வந்ததும் பரிமளம் மென்பொருளைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் பக்கம் வந்து நின்றது.

"முதலாளி, கடைசி மூணு வரி காணோம்."

"மூணு வரிதானே? அடிச்சுரு."

மாத முடிவில் பரிமளத்தின் வேலை நிரந்தரமானது. அதற்கடுத்த மாதம் பிலிமத்தலாவையில் இன்னோர் அச்சகம் அந்த மென்பொருளை வாங்கியது. அங்குள்ளவர்களுக்குப் பழக்கிக்கொடுக்கப் போனவள் பரிமளம்.