உயரமானவர்களைப் பற்றி எங்கள் கடையில் பேசியது

ஆனி மாதச் சாரலில் குற்றாலத்துக் கடைத்தெரு பாதி தெரியும், பாதி தெரியாது. அருவியிலிருந்து எழும்புகிற புகையும் மலையிலிருந்து இறங்குகிற மேகமும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று சொல்ல முடியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக உருவம் பெற்று எங்கள் எண்ணெய்க் கடைக்கு வருவார்கள். முதலில் ஒரு துண்டு தெரியும். பிறகு தோள், பிறகு முகம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, முகங்கள் தெரிய வேண்டிய இடத்தில் மார்புகள் தெரிந்தன. அண்ணாந்து பார்த்தேன். கூடைப்பந்து விளையாடுகிறவர்கள் குளிக்க வந்திருந்தார்கள்.

எங்களுக்குத் தென்காசிக் கடைவீதியில் எண்ணெயும் பிண்ணாக்கும் வியாபாரம். சீசன் வந்துவிட்டால் பேரருவிக்குப் போகிற வழியில் ஓலைக் கொட்டகை போட்டு நல்லெண்ணெய் விற்போம். அப்பா கல்லாவில் இருப்பார். நான் அளந்து ஊற்றுவேன். ஐந்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவன் நான். அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். புது ஆட்களிடம் பேச எனக்கு வாய் வராது. கிண்ணத்தை நீட்டினால் நிரப்பிக் கொடுப்பேன், அவ்வளவுதான். பேச்சையெல்லாம் மற்ற இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், கொட்டகைக்கு முன்னால் பாறையில் ஆட்களை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி. இன்னொருவர் பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர்.

சீசனை ஒட்டித் தென்காசியில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தயம் நடந்தது. மில் அணி, ரயில்வே அணி, போலீஸ் அணி என்று வெளியூர்களிலிருந்து வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை என்று ஏதோ பெயருக்கு உண்டு. ஆனால் பந்து ஆடுவதற்குத்தான் சம்பளம் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. அதைத்தான் யாராலும் ஜீரணிக்க முடியவில்லை.

"அடியில்லாத கூடையில பந்தைப் போடுதானுவ. அது கீழ விழுது. எடுத்துத் திரும்பவும் போடுதானுவ. இதுக்கு மாசச் சம்பளமாம்," என்றார் வெற்றிலைக் கடைக்காரர். "எங்க வீட்டுப் பய இந்த வேலையைச் செஞ்சா முதுகுல ரெண்டு வைப்பேன்."

"சும்மாவா கொடுக்கான்?" என்றார் தேய்ப்பு அண்ணாச்சி. "தூங்குறதே கம்பியில தொங்கிக்கிட்டுத்தானாம். அதுல வந்த நீளம்லா அது."

"தொங்கினா கைதான நீளும். காலு எப்படிவே நீளும்?"

"தலைகீழாவும் தொங்குவானுவ."

குளிக்க வந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, உயரமானவனுக்கு ரத்தம் தலைக்கு ஏற நேரமாகும், அதனால்தான் கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல் சிரிக்கிறான் என்று விளக்கினார். எண்ணெய் வைத்தால் மூட்டு இளகிப் பந்து நழுவிவிடும், அதனால் முதலாளிக்குத் தெரியாமல் வந்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். இவர்கள் அருவியில் நின்றால் நல்ல தண்ணீரெல்லாம் இவர்கள் தலையிலேயே விழுந்துவிடும், நமக்கு மிச்சம்தான் வரும் என்று ஒருவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். எண்ணெய் அளக்கிற உழக்கைக் கையில் பிடித்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியை நம்பவும் செய்தேன். அந்தப் புகைக்கு நடுவே, தலைகள் மேகத்தை ஒட்டி அசைய அவர்கள் நடந்து போனதைப் பார்த்தால் எதையும் நம்பலாம்போல் இருந்தது.

அப்பா மட்டும் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவர் அந்தத் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

என் தங்கை உயரம். எங்கள் தெருவில் எந்த ஆணும் அவளுக்குச் சமமாக நிற்க முடியாது. எங்கள் ஆட்களில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு மஞ்சள் நூல் கேட்பார்கள். பெண்ணைச் சுவரோடு நிறுத்தி, குதிங்காலிலிருந்து உச்சிவரை நூலைப் பிடித்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். அங்கே அதை மாப்பிள்ளைமேல் வைத்துப் பார்ப்பார்கள். முடிச்சு அவன் தலைக்கு மேலே போனால் நூல் திரும்பி வந்துவிடும். வெறும் நூலை அனுப்புவது மரியாதை இல்லை என்பதால் கூடவே ஒரு சீப்புப் பழமும் வரும். எங்கள் வீட்டில் பழத்துக்குப் பஞ்சமே இல்லாத வருஷங்கள் அவை. தங்கை அதில் ஒன்றைக்கூடத் தொடமாட்டாள். அவளை ஒத்த பெண்கள் எல்லாரும் கைப்பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

மில் அணிக்காரர்களில் ஒருவர் தினமும் வந்தார். மெலிந்த உடம்பு, சின்னக் குரல். தேய்ப்பு அண்ணாச்சி அவர் முதுகில் எண்ணெயை வழித்துக்கொண்டே ஊர், தெரு, தாய்மாமன் என்று ஒவ்வொன்றாகக் கறந்துவிட்டார். சிவகிரிப் பக்கம். அப்பா இல்லை, அம்மா மட்டும். எங்கள் ஆட்கள்தான். கல்யாணம் ஆகவில்லை.

அண்ணாச்சி என் அப்பாவைப் பார்த்தார். அப்பா அண்ணாச்சியைப் பார்த்தார். மறுநாள் அண்ணாச்சியின் மடியில் என் தங்கையின் நூல் இருந்தது.

"தம்பி, செத்த எந்திச்சு நில்லுங்க. நரம்பு நேரா ஓடுதான்னு பார்க்கணும்," என்று சொல்லி அவரை எழுப்பிவிட்டு, பின்னால் போய் நூலைக் குதிங்காலில் வைத்து மேலே பிடித்தார். எண்ணெயில் ஊறிப்போன அந்த நூலின் முடிச்சு அவர் காதுமடலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. "ஓடுது தம்பி, நல்லா ஓடுது," என்றார் அண்ணாச்சி.

சிவகிரிக்குச் சொல்லி அனுப்பினோம். ஆடி பிறந்துவிட்டால் பேச்சு எடுக்க முடியாது, அதற்குள் பெண்ணைப் பார்க்க வரலாமா என்று அந்த அம்மாளிடமிருந்து பதில் வந்தது. அப்பா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அதுவரை வெறும் வேடிக்கையாக இருந்த பேச்சு அப்பாவுக்கு இப்போது சம்பந்தப் பேச்சாகிவிட்டது. ஒவ்வொன்றும் அவரைக் குத்தியது. வெற்றிலைக் கடைக்காரர் அதைக் கூர்தீட்டிக் கொடுத்தார்.

"குஸ்திக்காரன் கோதாவை விட்டதும் வத்திப் போறாம்லா? அதே மாதிரிதான். இவனுவ துள்ளுறதை விட்டா உசரம் இறங்கிரும். இன்னைக்கு நூல் காதுக்கு நிக்கும். பத்து வருஷம் போகட்டும், உங்க பிள்ளை அவனைக் குனிஞ்சு பார்ப்பா."

அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பந்தயம் பார்க்கப் போனார்.

சாரல் விட்டிருந்தது. மைதானத்துக்கு அப்பால் கோயிலின் மொட்டைக் கோபுரத்தின்மேல் வெயில் பழுத்த மஞ்சளாக நின்றது. பந்து தரையில் விழுந்து எழும் சத்தம் எங்கோ தூரத்தில் நெல் குத்துவதுபோல் கேட்டது. உயரமான அந்த ஆட்கள் மேலே எழும்பி, கீழே இறங்க மறந்தவர்கள்போல் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கினார்கள். எனக்கு விதிமுறை எதுவும் தெரியாது. கனவில் நடப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகிரிக்காரர் ஒரு தடவைகூடப் பந்தைக் கூடையில் போடவில்லை. அவர் கைக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது. வலது பக்கம் பார்ப்பார், இடது பக்கம் கொடுத்துவிடுவார். வாங்கியவர் போடுவார், கூட்டம் கத்தும். இவர் அதற்குள் திரும்பி ஓடிக்கொண்டிருப்பார்.

அவர்கள் அணிதான் ஜெயித்தது. அப்பா முகம் கறுத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "வேண்டாம். கைக்கு வந்ததை எல்லாம் அடுத்தவனுக்குக் கொடுத்துட்டு நிக்கான். ஒண்ணே ஒண்ணாவது தனக்குன்னு வச்சானா? இவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்?"

"கொடுக்கிறவனாத்தான இருக்கான். பிடுங்குறவனா இருந்தா என்ன செய்விய?" என்றாள் அம்மா.

"கடையில வந்து உக்காந்து பாரு. கொடுக்கிறவன் கதி தெரியும்."

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது தங்கை எனக்குப் பழையது பிழிந்து வைத்தாள். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவுக பந்தை யாருக்குண்ணே கொடுத்தாவ?"

யோசித்துப் பார்த்தேன். "யாரு பக்கத்துல ஆளில்லாம சும்மா நிக்காங்களோ, அவங்களுக்கு."

"அந்தப் பக்கம் பார்க்காமலே கொடுத்தாவன்னு அப்பா சொன்னாவளே. பார்க்காம எப்படித் தெரிஞ்சுது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் மோர்ச்சட்டியை மூடினாள். முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இந்த நூல் திரும்பி வர வேண்டாம்ணே," என்றாள்.

அவள் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. நான் குற்றாலத்துக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனேன். மில் அணிக்காரர்கள் பயிற்சியில் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் நின்றேன். நல்லவேளை, அவரே பார்த்துவிட்டு வந்தார்.

"எண்ணெய்க்கடைத் தம்பிதான?"

"அப்பா உங்களைப் பார்க்கணும்னு சொன்னாங்க," என்றேன். அப்பா சொல்லவே இல்லை. சொன்னபிறகு என் காதுக்குள் அருவி கொட்டுவதுபோல் இருந்தது.

அன்று அவர் குளிக்க வரவில்லை, வேட்டி சட்டையோடு வந்தார். கொட்டகைக்குள் தலையைக் குனிந்து நுழைந்து, "கூப்பிட்டியளாமே," என்றார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அப்பா பலகையைத் தட்டிப்போட்டு உட்காரச் சொன்னார். வெற்றிலைக் கடைக்காரர் பாதி உடம்பை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டார். தேய்ப்பு அண்ணாச்சி பாறையில் உட்கார்ந்திருந்த ஒருவரை அரை முதுகோடு விட்டுவிட்டு வந்தார்.

"தப்பா நினைக்கப்படாது," என்றார் அப்பா. "பந்து உங்க கைக்கு வருது. நீங்க ஏன் கூடையில போட மாட்டேங்கிய?"

"என்கிட்ட வந்ததும் ரெண்டு பேரு என்னைத் தடுக்க ஓடி வருவாங்க. அப்போ எங்க ஆளு ஒருத்தன் தனியா நிப்பான். அவன் போட்டா சுளுவா விழும். யாரு போட்டாலும் எங்களுக்குத்தான?"

அப்பா அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் போட்டுப் பார்த்தார். கடைக்காரர் இல்லையா, வெளியூர் சரக்கைத் தான் வைத்து மக்கவிடாமல் விற்கிறவனுக்குத் தள்ளிவிடுவதுபோல் ஏதோ ஒன்று புரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார். ஆனால் பெரிய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

"சரி. விளையாட்டை விட்ட பொறவு எப்படி?"

"மில்லுல வேலை இருக்குல்லா. தறிக்கணக்கு எழுதுவேன்."

"வேலையைக் கேக்கல. வந்து... உசரம்."

அவருக்கு விளங்கவில்லை. வெற்றிலைக் கடைக்காரர் பொறுமையிழந்தார். "துள்ளுறதை விட்டா குட்டையா ஆயிருவியளான்னு கேக்காவ!"

சிவகிரிக்காரர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. தன் நீண்ட கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "எங்க அம்மா பந்தைக் கண்ணாலகூடப் பார்த்ததில்ல. அவங்க என் காது உசரம் இருக்காங்க. இன்னும் குறையல."

"அப்படின்னா அப்பா இன்னும் உசரமா இருந்திருப்பாவளே," என்றார் தேய்ப்பு அண்ணாச்சி.

"அப்பா கட்டை. அம்மா தோளுக்குத்தான் இருந்தாங்க."

அப்பா மெதுவாகக் கேட்டார். "ஏன், உங்க பக்கம் நூல் பார்க்கிற வழக்கமில்லையா?"

"பார்த்தாங்க. நூல் எங்க வீட்டுக்கு வந்தப்போ வீட்டுல அப்பா மட்டும் இருந்தாராம். முடிச்சை அவுத்து, தன் நெத்திக்கு நேரா கீழ இறக்கிப் போட்டுட்டாராம். தாலி கட்டுறன்னைக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுதாம். ஏற்கனவே தேர்த்திருவிழாவுல அம்மாவைப் பார்த்திருந்தாராம்."

என் அப்பா கடையில் சிரித்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் வியாபாரி சிரித்தால் அளவில் ஏதோ செய்துவிட்டான் என்று நினைப்பார்கள் என்பார். அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார், துடைத்த பிறகும் அது நிற்கவில்லை. அது சிரிப்பின் தண்ணீர் மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றியது. முடிச்சை இறக்கிப் போட்டுக்கொள்ள ஒரு ஆள் இத்தனை வருஷமாக வரவில்லையே என்று அவர் நினைத்திருக்கலாம்.

வெற்றிலைக் கடைக்காரர் மட்டும் யோசனையில் இருந்தார். "அப்போ பந்தாடினதுனால உசரம் வரல, பெத்தவ கொடுத்த உசரம்னு சொல்லுதிய. அப்படின்னா மில்லுக்காரன் சம்பளத்தை அந்த அம்மாவுக்கில்லா அனுப்பணும்?"

"அவங்களுக்குத்தான் அனுப்புதேன்," என்றார் சிவகிரிக்காரர்.

அன்று அப்பா கடையை என்னிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே தென்காசிக்குப் போய்விட்டார். நான் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். சாரல் திரும்பவும் பிடித்திருந்தது. நடையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆடி பிறப்பதற்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று சிவகிரிக்கு ஆள் போய்விட்டதாகச் சொன்னாள்.

"தங்கச்சி எங்க?"

அம்மா கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள்.

தங்கை கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். குடங்கள் நிரம்பியிருந்தன. தொட்டி நிரம்பியிருந்தது. மாட்டுக்கு வைக்கிற பானைகூட நிரம்பியிருந்தது. வாளி மேலே வந்ததும் அதைக் கொண்டுபோய் அரளிச் செடிக்கு ஊற்றினாள். திரும்பி வந்து மறுபடியும் கயிற்றை விட்டாள். சாரல் தலையிலும் தோளிலும் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மழையில் நின்ற செடிகளுக்கெல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.