பளிங்கு மலைக்குத் தங்கையைக் கூட்டிப் போனேன்

கிளம்புகிற அன்று அய்யா தெளிவாகச் சொல்லிவிட்டார். "மாப்பிள்ளைய மொளகா வெள்ளாமைக்கு வரச்சொல்லிக் கூட்டிட்டு வா. வரலேன்னா நம்ம புள்ளையவாச்சும் திரும்பக் கூட்டிட்டு வந்துரு. அத்துவானத்துல விட்டுட்டு வந்துறாத."

மாப்பிள்ளை என்றது என் தங்கை செல்வியின் புருஷன் பாண்டியை. ராஜஸ்தானில் பளிங்குக்கல் குவாரியில் மெஷின் ஓட்டுகிறார். கல்யாணமான மூன்றாம் மாதம் போனவர், தீபாவளிக்கு மட்டும் எங்கள் சாயல்குடிப் பக்கம் தலைகாட்டுவார். ராஜஸ்தானுக்கே வந்துவிடு என்று போனில் அவர் கூப்பிட, இவள் பிடிகொடுக்காமல் இருந்தாள். சரி, ஊரைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணட்டும் என்று நானே அழைத்துப் போனேன். இருவரையும் கூட்டி வந்துவிடுவேன் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறு முதல் வரப்புத் தகராறு வரை நான் பேசித் தீர்க்காதது கிடையாது.

ராமநாதபுரத்தில் ரயில் ஏறினோம். புளியோதரை இரண்டாம் நாள் மதியம் வரை தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாள் அஜ்மீரில் இறங்கி அரசு பஸ் பிடித்தோம். கேல்வா என்ற ஊர் வரை இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு இருநூற்று இருபது ரூபாய், பெண் என்பதால் செல்விக்குப் பாதி.

"நம்ம டவுன் பஸ்ல இதுவும் வாங்க மாட்டாக" என்றாள்.

"ராஜஸ்தான்ல வந்து டவுன் பஸ் கேக்குறியே, நல்லா இருப்ப" என்றேன்.

பியாவர் தாண்டியதும் மலைகள் தொடங்கின. நம் கொடைக்கானல் போலப் பச்சையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். மொட்டைப் பாறை, காய்ந்த புல், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஊரில் வெட்டி வெட்டி மாளாத சனியன், இங்கேயும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது! எதிரே வந்த லாரிகளில் பெட்டியும் மூட்டையும் இல்லை. ஒரு லாரிக்கு ஒரே கல், அல்லது இரண்டு. ஒவ்வொன்றும் எங்கள் மோட்டார் ரூம் அளவு இருக்கும்.

கேல்வாவில் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. மாவு மில்லிலிருந்து நேராக எழுந்து வந்தவர் மாதிரி, புருவம் வரை வெள்ளையாகப் பாண்டி நின்றார். செல்வி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். நான் பஸ்ஸைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

இந்த ஊரைப் பார்க்க யாரும் வருவதில்லை. சுற்றுலாக்காரர்கள் நேரே உதய்ப்பூர் ஏரிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ பார்க்க வேண்டியது இதுதான் என்று படுகிறது. நாம் பூஜையறைக்குச் சதுர அடிக் கணக்குப் போட்டு வாங்குகிற கல் இங்கே வேலிச்சுவராகக் கிடக்கிறது. எருமை தண்ணீர் குடிக்கிற தொட்டிகூடப் பளிங்குதான். இரவு பாண்டியின் இரண்டு அறை வீட்டில், சில்லென்ற உடைகல் தரையில், பருப்பும் மக்காச்சோள ரொட்டியும் சாப்பிட்டுப் படுத்தோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குவாரி. மலையைப் படிக்கட்டு படிக்கட்டாக அறுத்து இறக்கியிருக்கிறார்கள். விளிம்பில் நின்று பார்த்தால் அடியில் நிற்கிற லாரி தீப்பெட்டி அளவு தெரிகிறது. வைரத்துணுக்குகள் கோத்த கம்பி ஒன்று பாறையைச் சுற்றி ஓடி அறுக்கிறது. அது சூடேறாமல் இருக்க ஓயாமல் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். அந்தத் தண்ணீர் கல்மாவில் பாலாகி வழிந்து போகிறது.

"வெண்ணெய அறுக்குற மாதிரி அறுப்பேன் மச்சான்" என்றார் பாண்டி. மாமனார் வீட்டில் பதில் சொல்லக்கூட யோசிக்கிற மனுஷன், அங்கே கை நீட்டி நீட்டிப் பேசினார்.

அப்புறம்தான் அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிப் போனார். கல் எடுத்து முடித்த பழைய குழி. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே நீலமும் பச்சையுமாக, ததும்பத் ததும்பத் தண்ணீர். கிணறெல்லாம் உப்பாகிப்போன எங்கள் பக்கத்தில் ஒரு குடத்துக்காகத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே நானும் செல்வியும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு இறங்கினோம். குடிதண்ணீர் ஊருணிக் கரையில் செருப்போடு ஏற எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட மனசு வராது.

மேலேயிருந்து மேற்பார்வையாளர், "சப்பல்! சப்பல்!" என்று எங்கள் செருப்பைக் காட்டிக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் கல்சில்லு செல்வியின் உள்ளங்காலைக் கீறிவிட்டது. பாண்டி இந்தியில் விளக்கியதும் அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பாண்டியும் சேர்ந்து சிரித்தார். யாரும் குடிப்பதில்லையாம். மெஷினுக்கு இறைக்கிற தண்ணீராம்.

அன்று மாலை பாண்டி கடைக்குப் போயிருந்தபோது இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன். "பாத்தேல்ல செல்வி. தண்ணி அருமை தெரியாத ஊரு. நாளைக்கே மூணு பேரும் கெளம்புவோம்."

காலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் கேட்டாள். "நம்ம ரெண்டு பேரும் செருப்பக் கழட்டுனோமே, அவுக கழட்டுனாகளாண்ணே?"

"பூட்ஸு போட்டிருந்தாரு. வேலையில கழட்டக் கூடாதுல்ல."

"கழட்டக் கூடாதுங்கிறது இருக்கட்டும். அவுகளுக்குக் கழட்டணும்னே தோணலண்ணே. அங்கன நின்னு நம்மளப் பாத்துச் சிரிச்சாக."

"அதத்தான் நானும் சொல்றேன். ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்."

"வர மாட்டாக. அந்த மெஷினப் பத்திப் பேசுறப்ப மொகத்தப் பாத்தியா? இன்னும் ரெண்டு வருசம் தனியாக் கெடந்தா நம்ம ஊருணி மறந்தாப்புல என்னையும் மறந்துருவாக." மஞ்சள் கையைத் துடைத்தாள். "நான் இங்கனயே இருக்கேன்."

ஊருக்கெல்லாம் பஞ்சாயத்துப் பேசுகிறவன் தங்கையிடம் தோற்றேன். கோபம் வந்தது. அதைவிட, அவள் சொன்னது சரி என்பது வலித்தது.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு பெரியவர் தலைப்பாகையோடு தூங்கிக்கொண்டு வந்தார். மலைகள் குறைந்து சமவெளி வந்ததும் அய்யாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஏலே" என்றார். "அவ இருக்குற வீட்டுல தண்ணி எப்படி?"

"காலையில கொழாயில வருதுய்யா. நானே குடிச்சுப் பாத்தேன். உப்பு இல்ல."

"உப்பு இல்லையா?"

"கொஞ்சங்கூட இல்லய்யா."

"அப்ப இருக்கட்டும்" என்றார்.