போனில் தெரியும் பெயர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. தஞ்சாவூரில் ஓர் உழவர் சந்தையில், போன் வழியாகப் பணம் வாங்கும் முறையைச் சரிசெய்து தரும்படி எங்கள் நிறுவனத்தைக் கேட்டார்கள். என்னை அனுப்பினார்கள்.
2. ஒவ்வொரு கடைக்கும் ஸ்கேன் அட்டையும், அதை நிறுத்திவைக்க ஒரு கண்ணாடிச் சட்டமும் கொடுத்தோம்.
3. ஏழாம் கடை அக்கா சட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். வங்கிக் கணக்கு விவரம் தரவில்லை.
4. மறுநாள் அந்தச் சட்டத்துக்குள் மாரியம்மன் படம் இருந்தது.
5. நான் அக்காவைச் சந்தேகப்பட்டேன். சந்தை அலுவலர் என்னைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார். அக்கா எங்கள் இருவரையும் சந்தேகப்பட்டார்.

இப்போதும் அந்தச் சட்டம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கத்திரிக்காய்க் குவியலுக்கும் தராசுக்கும் நடுவில், குங்குமப் பொட்டு வைத்து, நேராக வாடிக்கையாளரைப் பார்க்கும்படி அக்கா அதை நிறுத்தியிருந்தார். வந்தவர்கள் பழக்கத்தில் போனை நீட்டுவார்கள். அம்மன் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கடையில் கீரை விற்றவருக்கு அது தினசரி வேடிக்கை. "அக்கா கடையில இன்னும் ராஜா காலத்துக் காசுதான் ஓடுது" என்பார். "ராஜா காசு கையில நிக்கும். உன் போன்ல சார்ஜ் போனா நீ கீரையைத்தான் திங்கணும்" என்று அக்கா தலை திருப்பாமலே சொல்வார்.

என்னுடைய வேலைக்குச் சேவை வடிவமைப்பு என்று பெயர். ஒரு சேவையை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்து, எங்கே இடறுகிறார்களோ அந்த இடத்தைச் சரிசெய்வது. சந்தையில் இடறல்கள் ஏராளம். ஈரக் கையால் போனைத் தொட முடியவில்லை. கூட்டத்தில், பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டியின் சத்தம் எந்தக் கடையுடையது என்று தெரியவில்லை. இவற்றுக்கெல்லாம் வழி இருந்தது. அக்காவின் மறுப்பு மட்டும் எந்த வகையிலும் அடங்கவில்லை. அவரிடம் நல்ல போன் இருந்தது. மகளுக்கு அதிலேயே விடுதிப் பணம் அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். தெரியாதவர் அல்ல; வேண்டாம் என்கிறார். வேண்டாம் என்பவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் என் புத்தி போனது.

சந்தை அலுவலர் அந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றினார். உழவர் சந்தையில் விவசாயிகள் மட்டுமே விற்கலாம். அதற்கு அடையாள அட்டை உண்டு; சிட்டா, அடங்கல் என்ற நிலக் காகிதங்களைப் பார்த்துத்தான் தருவார்கள். வியாபாரிகள் சிலர் யாருடைய அட்டையையோ வைத்துக்கொண்டு மொத்தச் சந்தைக் காயை உள்ளே கொண்டுவந்து விற்கிறார்கள் என்பது அவருடைய நீண்ட நாள் புகார். ஸ்கேன் செய்ததும் வாடிக்கையாளர் போனில் கணக்குக்காரர் பெயர் தெரிகிறது அல்லவா, அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "அட்டையில ஒரு பேரு, போன்ல ஒரு பேருன்னா மாட்டிக்குவாங்க பாருங்க மேடம்" என்றார். பணம் வாங்க வைத்த அட்டை அவர் கண்ணுக்கு ஆள் பிடிக்கும் வலையாகத் தெரிந்தது. அவர் காட்டிய அந்த உற்சாகமும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. யாரைப் பிடிக்கப் போகிறார், யாரை விடப் போகிறார் என்பதை அவர் சொல்லவே இல்லை.

ஒரு விடுமுறை நாளில் அக்காவின் நிலத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். வேலைக்காக என்றேன். என் செருப்பைப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டு வராத" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக் கரையை ஒட்டிய படுகை நிலம். சுற்றிலும் சம்பா நடவுக்கு வயல்கள் சேறாகக் கிடந்தன. படுகையில் மட்டும் கத்திரியும் வெண்டையும் கொத்தவரையும். அங்கேயும் என் சந்தேகம் ஓயவில்லை. யார் வேண்டுமானாலும் யாருடைய நிலத்தையும் காட்டலாம் இல்லையா? அக்கா என்னை வரப்பில் நிறுத்திவிட்டு இறங்கினார். எந்தப் பாத்தியில் பூச்சி விழுந்தது, எந்த மடையில் தண்ணீர் வழிந்து வேர் அழுகியது என்று தனக்குத்தானே பேசுவதுபோல் திட்டிக்கொண்டே போனார். வாடகைக்கு நிலம் காட்டுபவர் இப்படித் திட்டமாட்டார். மேலேறி வந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"பாத்துட்டியா? காய் என்னுது. நிலந்தான் என்னுது இல்ல."

நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அக்கா வாய்வார்த்தைக் குத்தகைக்குப் பல வருடமாகப் பயிரிடுகிறார். யார் பயிரிடுகிறார் என்று எழுதும் அடங்கலில் அக்கா பெயரை ஏற்றினால் குத்தகை உரிமை வந்துவிடுமோ என்று நிலத்துக்காரருக்குப் பயம். கேட்டால் நிலத்தையே திருப்பி வாங்கிவிடுவாரோ என்று அக்காவுக்குப் பயம். ஆகவே சந்தை அட்டை நிலத்துக்காரர் பெயரில்; அவருடைய உறவினர் என்று சொல்லிக்கொண்டு அக்கா விற்கிறார். ஸ்கேன் அட்டையில் தன் கணக்கைக் கொடுத்தால் பெயர் காட்டிக்கொடுத்துவிடும், கடை போகும். நிலத்துக்காரர் கணக்கைக் கொடுத்தால் விற்ற பணம் கடல் தாண்டிப் போகும்.

நான் ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே ஒரு வழி வரைந்தேன். வாடிக்கையாளர் போனில் பெயருக்குப் பதில் சந்தையின் பெயரும் கடை எண்ணும் மட்டும் தெரியட்டும். பணம் பொதுக் கணக்கில் விழுந்து, சாயங்காலம் அவரவர் கணக்குக்குப் பிரியட்டும். அடுத்த வாரம் அக்காவிடம் விளக்கினேன். காயை அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"ஏழுன்னு மட்டும் தெரியும். சரி. ஏழுக்குப் பின்னாடி என் பேரு எங்கயாவது இருக்கும்ல?"

"இருக்கும்க்கா."

"அதை யாரு பாக்கலாம்?"

"அலுவலர் பார்க்கலாம்."

"நீ பொய் சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார். பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அலுவலரோ, கடை எண் மட்டும் தெரிந்தால் தனக்கு என்ன லாபம் என்று அந்த வழியை ஒதுக்கிவிட்டார். பெயர் தெரியும் முறையே நிலைத்தது.

மழைக்காலம் முடிந்து மறுபடி போனபோது ஏழாம் கடையில் அக்கா இல்லை. அலுவலரைக் கேட்டேன். "அவங்களா விருப்பப்பட்டுப் போயிட்டாங்க" என்றார். வாசலுக்கு வெளியே, சாலையோரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த அக்காவைக் கேட்டேன். "நானா விருப்பப்பட்டு வந்துட்டேன்" என்றார். ஒருவரையொருவர் சந்தேகப்பட்ட இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் அதை யாரோ ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். நான் மேலே கேட்கவில்லை. அக்கா சொல்லியிருக்கவும் மாட்டார்.

இன்றைய நிலை இது. உள்ளே கூரை உண்டு, இலவசத் தராசு உண்டு, விலைப் பலகை உண்டு. ஏழாம் கடையில் வேறொருவர் விற்கிறார். அவருடைய சந்தை அட்டையிலும் போனிலும் ஒரே பெயர். விடிவதற்குள் மினி லாரியில் காய் வந்து இறங்குகிறது. கத்திரிக்காய்கள் எல்லாம் ஒரே அளவு. அவர் ஊரில் எந்த ஆறு ஓடுகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன், யோசித்துச் சொன்னார். வெளியே கூரை இல்லை, சந்தை அட்டை கேட்பவரும் இல்லை. மழை வந்தால் அக்கா சாக்கைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கடை ஓரம் ஒதுங்குகிறார். போலீஸ் வந்தால் இடம் மாறுகிறார். அவர் கூடையின் விளிம்பில் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. போனை நீட்டினால், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, அவருடைய முழுப்பெயர் வருகிறது.