மரகதம் மிஸ்ஸின் தண்ணி லாரிப் பாட்டு

மரகதத்துக்கு யாரையும் பிடிக்காது என்று சொல்லிவிட்டால் அவளைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி. மீதிப் பாதி, யாருக்கும் மரகதத்தைப் பிடிக்காது என்பது. பொம்மனஹள்ளியில் ஒரே வாடகை வீட்டில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி இன்றுவரை ஒரு கரண்டி சர்க்கரை கேட்டு வந்ததில்லை. காய் விற்கிறவன் அவள் வாசல் வந்தால் கூவுவதை நிறுத்திவிட்டு வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போவான். தராசைப் பார்த்ததுமே சண்டைக்கு வருகிறவளிடம் யார் வாய் கொடுப்பது?

அவள் திருப்பத்தூர்ப் பக்கம் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், வாழ்க்கையில் அவளுக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான். பொம்மசந்திராவில் லேத் ஓட்டும் சந்தானத்தைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது அவள் சான்றிதழை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கன்னட ஊரில் தமிழ் டீச்சர் எதற்கு என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் டேபிளில் சேர்ந்தாள். பதினொரு வருஷம் அதே டேபிள். எந்தச் சட்டையையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தைக்கிற பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

அந்தக் கம்பெனியையும் மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து சந்தானத்தின் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நாட்களில்தான், ஓசூர் ரோட்டை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தமிழ்ச் சங்கம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஆள் தேடியது. ஐந்து, ஆறு வயதில் பதினொரு பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. வகுப்பு அங்கேயுள்ள பார்ட்டி ஹாலில். முதல் நாள் போய்விட்டு வந்த மரகதம், "இப்பதான்யா எனக்கு வேலை கெடைச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்ததைப் பார்த்து அந்த மனுஷன் பயந்துபோனார்.

அவளுடையது பாட்டு வழி. அ, ஆ என்று ஒப்பிக்க வைத்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும். கடையில் விற்கிற பாட்டுப் புத்தகங்களும் அவளுக்கு ஆகாது. அதில் வருகிற ஏர், கலப்பையை எல்லாம் இந்தப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? அதனால் தானே எழுதினாள்.

தண்ணி லாரி வந்தது
தெருவை எல்லாம் நனைத்தது
குடத்தை வைத்த அக்காவைக்
குளிக்க வைத்துப் போனது

இதைச் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டாண்டில் மாட்டுவாள். மூன்று முறை பாடிக் காட்டுவாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வந்து, சொல்லுக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே பாட வேண்டும். வந்தது, நனைத்தது, போனது என்று முடிவுகள் ஒன்றுபோல ஒலிக்கும்போது, அவை ஒன்றுபோல எழுதப்பட்டிருப்பதையும் கண் பிடித்துக்கொள்ளும். காது முன்னால் போனால் கண் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினாள். நவம்பருக்குள் பதினேழு பாட்டு முடிந்தது. பதினொரு பிள்ளைகளும் விரலை ஓட்டிக் கடகடவென்று படித்தன. மரகதத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த ஆறு மாதமும் காய்க்காரன் வாய்விட்டுக் கூவினான்.

சங்கத்தின் செயலாளர் ஸ்வர்ணாவுக்கும் அவளுக்கும் மட்டும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. ஸ்வர்ணாவின் முன்னோர்கள் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. அவள் ஒரு பெரிய கம்பெனியில் நூறு பேரை மேய்க்கிறவள், அதே தோரணையில் ஞாயிற்றுக்கிழமையும் கையைக் கட்டிக்கொண்டு ஹாலின் கடைசியில் நிற்பாள். அவள் பெண் அனன்யாவும் அந்தப் பதினொன்றில் ஒருத்தி.

"மிஸ், பாட்டுல போய் தண்ணி லாரியெல்லாம் வரணுமா? மயில், நிலான்னு நன்னா எழுதப்படாதா?"

"மேடம், உங்க கேட்டாண்ட தெனம் நிக்கிறது லாரிதான். மயிலு நிக்குதா?"

பிள்ளைகள் சிரித்தன. ஸ்வர்ணா சிரிக்கவில்லை, அதை மறக்கவும் இல்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு வினை வந்தது. சும்மா இருக்கிறோமே என்று மரகதம், தான் கொடுத்த பாட்டு நகல்களைப் பிள்ளைகள் ஒட்டிவைத்திருந்த நோட்டுகளை வாங்கிப் புரட்டினாள். தண்ணி லாரி வந்தது என்ற வரிக்கு அடியில் பென்சிலால் இன்னொரு வரி இருந்தது. அது கன்னட எழுத்து. அடுத்த பக்கத்திலும் அப்படியே. இன்னொரு நோட்டில் அதே தமிழ்ப் பாட்டு இங்கிலீஷ் எழுத்தில். பதினொரு நோட்டிலும் பதினேழு பாட்டுக்கும் இப்படித்தான்.

"யாரு எழுதினா?" என்றாள்.

"அம்மா. நீங்க பாடறதைக் கேட்டு எழுதி வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் அனுப்பிச்சா மிஸ்" என்றாள் அனன்யா, பெருமையாக.

மரகதம் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, பதினேழு சார்ட்டையும் சொல் சொல்லாக வெட்டித் தரையில் கொட்டிக் கலைத்தாள். இதில் லாரி எது, குடத்தை எது, எடுங்கள் என்றாள். ஒரு பிள்ளையும் குனியவில்லை. அனன்யா ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள்.

வீட்டில் அவர்கள் படித்தது கன்னடமும் இங்கிலீஷும். இங்கே விரலை ஓட்டிக்கொண்டு ஒப்பித்தது மனப்பாடம். பதினொரு வருஷம் ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தவள், ஆறு மாதமாக ஒரு நோட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. தன் தப்பு என்று தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. அவள் ஜாதகம் அப்படி.

"மேடம், ஏன் இப்படிப் பண்ணீங்க? புள்ளைங்களுக்கு ஒரு எழுத்து தெரியல!"

"இங்க பாருங்கோ, ஆத்துல யாருக்கும் சொல்லித்தர டைம் இல்லை. ஸ்வல்ப ஈஸியா இருக்கட்டுமேன்னு அனுப்பினேன். தமிழ் வாயில வந்தாப் போறாதா?"

"அதுக்கு நான் எதுக்கு? கிளிகூட பேசும்!"

"கொழந்தைகளைக் கிளிங்கறேளா?" ஸ்வர்ணாவின் முகம் சிவந்துவிட்டது. "பொங்கல் ஃபங்ஷன்ல எல்லாரும் ஸ்டேஜ்ல படிக்கணும். திக்காம திணறாமப் படிக்கணும். முடியலைன்னா சொல்லிடுங்கோ, வேற மிஸ் பாத்துக்கறோம்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். இந்த வகுப்பை விட்டால் டீச்சர் என்று அவளைக் கூப்பிட இந்த ஊரில் ஒரு ஜீவன் கிடையாது. தரையில் கிடந்த காகிதத் துண்டுகளை வாரிக்கொண்டிருந்தபோது, அனன்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. குப்பையிலதான் போடப்போறேன்" என்று எரிந்து விழுந்தாள் மரகதம்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. மேடைக்குப் பாட வைத்தாள், அவ்வளவுதான். படிக்காத பிள்ளைகள் மேலும் வெறுப்பு, படிக்க வைக்காத தன் மேலும் வெறுப்பு. மனதுக்குள் பதினொரு பேருக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது.

பொங்கல் விழா அன்று காலை, வீட்டில் உட்கார்ந்து தண்ணி லாரிப் பாட்டைப் புதுச் சார்ட்டில் எழுதினாள். எழுதி முடித்தும் கை அடங்கவில்லை. ஸ்வர்ணாவைப் பற்றி அவளுக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். தமிழில் வந்த நோட்டீஸை எல்லாம் மரகதத்திடம் நீட்டி, கண்ணாடி எடுத்துவரவில்லை, நீங்களே படியுங்கள் என்பாள். கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கும். இன்றைக்குத் தெரிந்துவிடட்டும் என்று இன்னொரு சார்ட்டை எடுத்து எழுதினாள்.

பட்டுச் சேலை கட்டிய அம்மா
பாட்டை மேலும் கீழும் பார்த்தாள்
ஒத்தை எழுத்தும் தெரியவில்லை
ஓகே என்று தலையை ஆட்டினாள்

லாரிப் பாட்டை ஸ்டாண்டில் மாட்டி, அதை முழுக்க மறைக்கிற மாதிரி இதை மேலே மாட்டினாள். ஒன்பது மணிக்கு ஸ்வர்ணா வந்தாள். மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை. எதையும் தான் பார்த்து அனுமதிக்காமல் மேடை ஏறவிடமாட்டாள். சார்ட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஓகே. லெட்டர்ஸ் நன்னா பெரிசா இருக்கு" என்று தலையை ஆட்டினாள்.

மரகதத்துக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்தாயிற்று, இனி மேலே இருக்கிற சார்ட்டைக் கழற்றிவிடலாம் என்று கையை நீட்டினாள். அப்போது ஸ்வர்ணா சொன்னாள்: "நீங்க ஸ்டேஜுக்கு வர வேண்டாம். மைக்கை நானே புடிச்சுக்கறேன். நீங்க கீழ நின்னு பொங்கல் பானை, வாழையிலை எல்லாம் வந்துடுத்தான்னு பாத்துக்கோங்கோ."

நீட்டிய கையை மரகதம் இழுத்துக்கொண்டாள். இருக்கட்டும், படிக்கப் போகிறது யார் என்று நினைத்தாள்.

ஸ்டாண்ட் பிள்ளைகளின் பக்கம் திரும்பி நின்றது, கூட்டத்துக்கு அதன் முதுகுதான். சார்ட்டைப் பார்க்க முடிந்த பெரியவள் மைக்கோடு பக்கத்தில் நின்ற ஸ்வர்ணா ஒருத்திதான். முதல் பிள்ளை வந்தது. பட்டுச் சேலைக்கு அடியில் விரலை ஓட்டி, தண்ணி லாரி வந்தது என்று பாடியது. கைதட்டல். இரண்டாவது பிள்ளைக்கும் கைதட்டல். பத்துப் பிள்ளைகள் எழுதாத பாட்டைப் படித்துவிட்டுப் போயின. பெற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மேடையின் ஓரத்தில் வாழையிலைக் கட்டோடு நின்ற மரகதத்துக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

கடைசியாக அனன்யா வந்தாள். விரலை வைத்தாள். பாடவில்லை.

"தண்ணி லாரி..." என்று அடியெடுத்துக் கொடுத்தாள் ஸ்வர்ணா.

"அது இல்லம்மா" என்றது குழந்தை. "ப... ட்... டு. பட்டுச்... சே... லை."

மரகதத்தின் கையிலிருந்த இலைக்கட்டு கீழே விழுந்தது. நாலு எட்டு வைத்தால் சார்ட்டைப் பிடுங்கிவிடலாம். ஆனால் பயிற்சிப் பள்ளியை விட்டு வந்த நாளிலிருந்து அவள் கேட்க ஏங்கிய சத்தம் அது. ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டுகிற சத்தம். திக்கியது, திணறியது, விட்டுப் பிடித்தது. பா... பாட்... பாட்டை. மேலும் கேட்க வேண்டும் போல இருந்தது. கால் நகரவில்லை.

மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, மைக்கில், அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி அனன்யா நாலு வரியையும் படித்து முடித்தாள். பிறகு அம்மாவின் சேலையைப் பார்த்தாள்.

"அம்மா, இது நீயா?"

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். ஸ்வர்ணா சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதும் அவளுக்கு அது கோடும் சுழியும்தான். அவள் கண் எழுத்துகளின் மேல் அப்படி அலைந்ததைப் பார்த்தபோது மரகதத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிடிக்காதவளை அடிக்கலாம். அவள் பெற்ற பிள்ளையின் வாயால் அடித்திருக்க வேண்டாம்.

ஸ்வர்ணா மைக்கை அணைத்தாள். அனன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

"கெளம்புங்கோ. இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வெக்காதீங்கோ."

மரகதம் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவருகே போனபோது பின்னாலிருந்து குழந்தை கத்தியது.

"மிஸ்! அந்தப் பேப்பரை ஸ்கூல் வேன்ல தெனம் நோட்டோட ஒத்துப் பாத்து எழுத்து எழுத்தா வெட்டி மாத்தி மாத்தி அடுக்கினேன் மிஸ். நான் கரெக்டா படிச்சேனா?"

மரகதம் நின்றாள். கொஞ்சம் தப்பு, வேறு ஏதோ எழுதியிருந்தேன் என்று ஒரு பொய் சொன்னால் அந்த அம்மாவின் மானம் பாதியாவது மிஞ்சும். ஹாலே அவள் பதிலுக்காகக் காத்திருந்தது. சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் செக்கிங் டேபிளில்கூட அவள் ஒரு நல்ல சட்டைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியதில்லை.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல கண்ணு" என்றாள்.

ஸ்வர்ணா பிள்ளையின் கையை விடாமல், அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.