உன் வாயாலதான் பாக்கறேன்

போன வருஷம் ராயபுரத்தில் எங்கள் தெரு இளைஞர்கள் ஒரு குத்துச்சண்டைப் போட்டி நடத்தினார்கள். மைக் என் கையில். வர்ணிப்பது என்றால் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

பெண்களுக்கான இறுதிப் போட்டியில் நீல பனியன் போட்ட பெண் கால் வழுக்கிச் சரிந்தாள். "அவ்ளோதான், படுத்துட்டா! பாடை கட்டுங்கப்பா!" என்றேன். கூட்டம் சிரித்தது. அவள் உடனே எழுந்துவிட்டாள். அதை நான் சொல்லவில்லை.

அந்தச் சுற்று முடிந்ததும் ஓர் அம்மா என் மேசைக்கு ஓடி வந்தார். மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

"நைனா, எம்பொண்ணு உசுரோட கீறாளா?"

"நல்லாத்தாம்மா கீறா. நீங்களே பாருங்க."

"அவ அடி வாங்கறத என்னால பாக்க முடியாது. செவுத்தப் பாத்து நின்னுகினு உன் வாயாலதான் பாக்கறேன். கமெண்ட் அடிக்காத. இன்னா நடக்குதோ அத்த சொல்லு."

அவர் போய் மறுபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கடைசிச் சுற்றில் அந்தப் பெண் அடித்ததையும் வாங்கியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். நடுவே என் கண் அந்த அம்மாவின் முதுகுக்கே போய்ப் போய் வந்தது. முடிவில் நடுவர் எதிராளியின் கையைத் தூக்கினார்.

"நீலம் தோத்துட்டா. ஆனா மூஞ்சில ஒரு காயமில்ல. ஜெயிச்ச பொண்ணக் கட்டிப்புடிச்சி சிரிச்சுகினு கீறா."

அப்போதுதான் அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

இப்போதும் மைக் பிடிக்கிறேன். கூட்டத்தில் யார் பார்க்க முடியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்ற பதற்றம் போவதில்லை. போகவும் வேண்டாம்.