நடக்கிற ஆள் தேவை

வாடகைக்கு அறை கேட்டு வந்தவரின் ஒரு கால் ஷூவைக் கழற்றச் சொல்லி, அதைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்க்கிறார் வீட்டுக்கார அம்மா தோன்யா இலாரியா. அடி தேயாமல் இருந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். "நீ பஸ்ஸுலயே போற ஆளு தம்பி. நமக்குச் சரிப்படாது."

பொலிவியாவின் மேட்டு நகரமான எல் ஆல்ட்டோவில் எங்கள் தெரு இன்னும் மண் தெரு. சாக்கடைக் குழாய் கேட்டு ஊர்வலம் போகிறோம். மனைக்கு ஒருவர் வர வேண்டும். முடிவில் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் வராத மனைக்குக் குழாய் கடைசியில்தான். தோன்யா இலாரியாவுக்கு முழங்கால் இரண்டும் வீக்கம். ஆகவே அவருக்காக நடப்பது குடியிருப்பவரின் பாடு. வாடகையைக்கூட அதற்குப் பிறகுதான் பேசுவார்.

மூன்று வருடமாக நடந்தவன் நான். குடிவந்த அன்று என் பட்டச் சான்றிதழை நீட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அதைச் சூப் சிந்தாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, "சரி சாமி, ஊர்வலத்துல கத்த வருமா?" என்றார். அது அவமானமா மரியாதையா என்று சமூகவியல் படித்த எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போது கீழே பள்ளத்தில் இருக்கும் லா பாஸ் நகரில் வேலை கிடைத்துவிட்டது. என் அறைக்குத்தான் ஆள் தேடினார். அடுத்த ஊர்வலமும் என் வேலையின் முதல் நாளும் ஒரே நாளில் வந்து தொலைத்தன.

"மழைன்னா பாதியில திரும்பிருவியா?" "வெடிச் சத்தத்துக்குப் பயமா?" இப்படித்தான் கேட்பார். ஒரு காவலாளி, ராத்திரி வேலை, பகலில் தூக்கம் என்றார்.

"ஊர்வலம் பகல்லதானய்யா போகுது. தூங்கிக்கிட்டே நடப்பியா?"

அவரும் சிரித்துக்கொண்டே ஷூவை மாட்டினார்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மாலை வந்தவர் அடுத்த தெருத் தையல்காரி நிக்காசியா. கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "எனக்கு ஒரு கால் குட்டை, தாயி. ரொம்ப தூரம் ஆகாது. போன வீட்லயெல்லாம் வேணாம்னுட்டாங்க."

"தெரிஞ்சும் இங்க எதுக்கு வந்த?"

"தலைவர் போடுற கூட்டத்துல உங்க மனைக்காகப் பேசுவேன்."

"பேசு பாப்போம். நாந்தான் தலைவர்." தோன்யா தொப்பியை முன்னால் இழுத்து, எங்கள் பகுதித் தலைவரைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டார்.

நிக்காசியா குரலை உயர்த்தவில்லை. "மேலத்தெருவுக்குக் குழாய் வந்திருச்சே தலைவரே, சந்தோசம். அங்க நீங்க மனை வாங்குனது குழாய்க்கு முன்னாலயா, பின்னாலயா?"

தோன்யா வெற்றிலைபோல மென்றுகொண்டிருந்த கோக்கா இலை வாயிலேயே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டா இதக் கேக்கல?" என்றார். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

"நாளைக்கு யார் நடக்குறது?" என்றேன். நான் வருகிறேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

தோன்யா என் அறைச் சாவியை நிக்காசியாவின் மடியில் போட்டார். முக்காலியில் உட்கார்ந்து, அடுக்குப் பாவாடையை ஒதுக்கி, முழங்காலில் கம்பளிப் பட்டையை இறுக்கிச் சுற்றினார். பிறகு எழுந்து, சுவரைப் பிடிக்காமல் முற்றத்தை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார்.